முப்பத்திரண்டு சதவீதம்

அத்தியாயம் பதினொன்று

"சாத்தாதீங்க! கை இருக்கு, கை இருக்கு!"

மடிப்புக் கதவின் இடுக்கில் இடது கையை நுழைத்துவிட்டார் வெள்ளைச்சாமி. வலது கையில் நூல் கட்டிய பழைய கோப்பு. ஓடி வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூச்சு நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே பூட்டோடு நின்ற ஆஸ்பத்திரி ஊழியர் கதவை விடவில்லை. "மணி பன்னெண்டே முக்கால். ஒரு மணியோட மெடிக்கல் போர்டு முடிஞ்சுரும். புது ஆளு இனிமே கெடையாது. அடுத்த புதன் வாங்க."

"நா புது ஆளு இல்லைங்க. காலையில டாக்டர்தான் பழைய ஃபைலைக் கொண்டாங்கன்னு அனுப்புனாரு. எம்மவ உள்ளதான் ஒக்காந்துருக்கா. ஃபைலுக்காகத் திருக்கோகர்ணத்து ஆபீசுக்கும் இங்கிட்டுக்கும் மூணு நடை ஆட்டோ. ஒருத்தரு டீ குடிக்கப் போயிட்டாரு. இன்னொருத்தரு பீரோ சாவியப் பையில போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போயிட்டாரு."

"கைய எடுங்க பெரியவரே. நசுங்குனா அதுக்குச் சர்ட்டிபிகேட் வாங்கவும் இதே போர்டுக்குத்தான் வரணும்."

வெள்ளைச்சாமி கையை எடுக்கவில்லை. இடுக்கு வழியாகக் கோப்பை நீட்டினார். மேலட்டையில் மகளின் பெயர். ஊழியர் அதைப் படித்தார், அவர் முகத்தைப் பார்த்தார், ஒரு ஆள் நுழையும் அளவுக்குக் கதவைத் திறந்தார்.

"வாங்க, வாங்க. எனக்கும் வீட்ல பொம்பளப் புள்ள இருக்கு."

கூடத்தின் மூலையில் மனைவி சொர்ணமும் மகள் பிரகதீஸ்வரியும் உட்கார்ந்திருந்தார்கள். காலையில் விட்டுப் போனபோது இருந்த அதே இருக்கை, அதே இருப்பு. சொர்ணத்தின் மடியில் எலுமிச்சைச் சாதப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது.

"கெடச்சுதாங்க?"

"கெடச்சுது."

சொர்ணம் அந்தக் கோப்பைப் பார்த்த பார்வையில் நிம்மதி இல்லை. அதைக் கவனிக்கிற நிலைமையில் வெள்ளைச்சாமி இல்லை.

பிரகதீஸ்வரிக்கு ஐந்து வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோனது. பேச்சு மட்டும் மிஞ்சியது. அதுவும் ஏற்ற இறக்கம் இல்லாத, கொஞ்சம் உரத்த பேச்சு. உதட்டைப் பார்த்தே படித்தாள், உதட்டைப் பார்த்தே பட்டம் வாங்கினாள். அரசுத் தேர்வை மூன்று தடவை எழுதினாள். மூன்றாவது தடவை மாற்றுத்திறனாளிகள் பிரிவில் இளநிலை உதவியாளர் வேலைக்குத் தேறிவிட்டாள். வல்லத்திராக்கோட்டையில் அவர்கள் தெருவுக்கே அது திருவிழா.

திருவிழா ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. அந்தப் பிரிவில் சேர நாற்பது சதவீதமாவது குறைபாடு இருக்க வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த முகாமில் அவளுக்குக் கொடுத்த சான்றிதழில் இருந்தது முப்பத்திரண்டு. சான்றிதழ் என்று ஒன்று இருந்தால் போதும் என்று நினைத்து விண்ணப்பம் போட்டுவிட்டார்கள். திருத்திய சான்றிதழைப் பதிவேற்ற ஒரு கெடு வைத்துக் கடிதம் வந்தது. அந்தக் கெடு இன்று மாலை ஆறு மணி.

வெடி வைத்தால் திரும்பிப் பார்க்காத பெண்ணுக்கு முப்பத்திரண்டா! மெஷின் கோளாறு, அதை வைத்துச் சோதித்த பெண்ணுக்குக் கவனம் போதாது என்று போன வாரத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவே கொடுத்துவிட்டு வந்திருந்தார் வெள்ளைச்சாமி.

"இருபத்தொண்ணு! இருபத்தொண்ணு யாருப்பா?"

ஊழியர் வாயால் கூவினார். காது கேளாதவர்களுக்கான நாள். கூடத்தில் இருந்த பாதிப் பேருக்கு அந்தக் கூவல் போய்ச் சேரவே போவதில்லை. கூட வந்தவர்கள்தான் ஆளாளுக்குத் தோளைத் தட்டிச் சீட்டைப் பார்க்கச் சொன்னார்கள்.

சொர்ணம் தோளைத் தட்டவில்லை. முந்தானை ஓரத்திலிருந்து வலது கை ஆள்காட்டி விரல் ஓர் அங்குலம் உயர்ந்தது. அவ்வளவுதான். பிரகதீஸ்வரி எழுந்துவிட்டாள்.

அது அந்த வீட்டுப் பழக்கம். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பெயரைக் கூப்பிட்டபோது, விசேஷ வீடுகளில் யாராவது "என்னத்தா நல்லாருக்கியா?" என்று கேட்டபோது, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால். எங்கேயும் அந்த விரல் உயரும், மகள் நிமிர்வாள். அவளுக்குக் காது இவ்வளவு மோசம் என்று பாதி உறவுக்கு இன்றுவரை தெரியாது. அதில் வெள்ளைச்சாமிக்கு ஒரு பெருமைகூட உண்டு.

சோதனை அறை வாசலில் நின்றவளைப் பார்த்ததும் அவர் கால் தயங்கியது.

சந்தனமேரி. முகாமில் சோதித்த அதே பெண்தான். இடது காலில் இரும்புப் பட்டை போட்ட காலணி. ஒன்பது வருடமாக ஒப்பந்தச் சம்பளம்.

"வாங்கய்யா," என்றாள். "ஒங்க மனு எனக்கு வந்துச்சு. ஏன் வேலைய விட்டு எடுக்கக் கூடாதுன்னு என்னைய எழுதிக் கேட்டுருக்காங்க. இந்த மாசத்தோட ஒப்பந்தமும் முடியுது. அது கெடக்கட்டும். பாப்பாவ உள்ள அனுப்புங்க."

வெள்ளைச்சாமி வழியை விட்டு ஒதுங்கினார்.

சொர்ணம் மகளோடு சேர்ந்து நுழையப் பார்த்தாள். சந்தனமேரி குறுக்கே கையை நீட்டினாள்.

"நீங்க வேணாம்மா. வெளிய இருங்க."

"நா ஒரு ஓரமா நிக்கிறேனே. அவ பயப்படுவா."

"இருபத்தாறு வயசுப் புள்ள. பயப்பட மாட்டா."

கதவைச் சாத்தினாள். கதவில் முகம் அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி. வெள்ளைச்சாமி அதில் நெற்றியை வைத்துப் பார்த்தார்.

மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காதில் பெரிய கறுப்பு ஹெட்போன். கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். அவளுக்குப் பின்னால் மெஷின். சத்தம் போகும் ஒவ்வொரு தடவையும் சந்தனமேரி பக்கம் ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

விளக்கு எரிந்தது. மகளின் கட்டைவிரல் அசையவில்லை.

சந்தனமேரி குமிழைத் திருகினாள். விளக்கு எரிந்தது. கட்டைவிரல் அசையவில்லை. இன்னும் திருகினாள். எரிந்தது. இல்லை. மறுபடி. இல்லை.

அமுக்குத்தா, என்று வாய்க்குள் சொன்னார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். அமுக்காமல் இருப்பதல்லவா இன்றைக்கு நல்லது! நல்லதா? எம்புள்ளைக்குக் காது கேட்கவில்லை என்பது எனக்கு நல்லதா?

இருபது வருடமாகத் தெரிந்த விஷயம். ஆனால் இப்படி, ஒரு விளக்கு எரிந்து எரிந்து அணைய, அவள் ஒன்றுமே அறியாமல் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பார்த்ததே இல்லை. நடுவில் ஒரு முறை அவள் தலையைத் திருப்பி அறையில் யாரையோ தேடினாள். சந்தனமேரி சைகை காட்டியதும் மறுபடி சுவரைப் பார்த்தாள்.

"என்னங்க?" என்றாள் பின்னால் சொர்ணம்.

"கேக்கலடி அவளுக்கு," என்றார். "ஒண்ணுமே கேக்கல."

எழுபத்தாறு.

டாக்டர் ரகுநாத் புதுத் தாளையும் பழைய தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். நல்ல மனிதர். ஒரு மணி தாண்டியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார். அதனால்தான் அவர் சொன்னது இன்னும் கனமாக விழுந்தது.

"என்னால கையெழுத்துப் போட முடியாது."

"சார்! எழுபத்தாறுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"இன்னைக்கு எழுபத்தாறு. அன்னைக்கு முப்பத்திரண்டு. வேலை கிடைச்ச நேரத்துல காது இவ்வளவு மோசமாச்சுன்னா, கேக்காத மாதிரி நடிக்கிறாங்கன்னுதான் மேல கேப்பாங்க. கேட்டா நான் என்ன பதில் சொல்ல? நடுவுல ஏதாவது காய்ச்சல், விபத்து? வைத்தியம் பாத்த சீட்டு?"

"இல்லைங்க சார். அஞ்சு வயசுல வந்ததோட சரி. அந்தச் சீட்டெல்லாம் கஜா புயல்ல கூரையோட போச்சு."

"மூளைக்குப் போற சத்தத்தை அளக்கிற டெஸ்ட் ஒண்ணு இருக்கு. அதுல யாரும் நடிக்க முடியாது. அந்த மெஷின் திருச்சியிலதான். நான் பேசிப் பாக்கிறேன். இன்னைக்கே எடுக்க முடிஞ்சா உங்க அதிர்ஷ்டம்."

"மெஷின் அன்னைக்குக் கோளாறு சார்! நாந்தான் மனுவுலயே..."

"அன்னைக்கு அதே மெஷின்ல இருபத்தாறு பேரப் பாத்தேன்யா," என்றாள் வாசலில் நின்ற சந்தனமேரி. சத்தம் போடவில்லை. "ஒருத்தருக்கும் தப்பு வரல."

டாக்டர் பழைய தாளில் பேனாவை வைத்தார். "இதைப் பாருங்க. சின்னச் சத்தத்துக்குக்கூட அமுக்கியிருக்கு. குத்துமதிப்பா அமுக்கினா இப்படி வராது. அன்னைக்கு இந்தப் பொண்ணுக்குக் கேட்டிருக்கு. இல்லேன்னா அந்தச் சான்றிதழ்ல ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்கு. தில்லுமுல்லுன்னு மேல முடிவு பண்ணினா இந்த வேலை மட்டும் இல்லை, இனிமே எந்தத் தேர்வும் எழுத விட மாட்டாங்க. பாத்துப் பேசுங்க."

அவர் எழுந்தார். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்க."

வண்டி நிறுத்துமிடத்துப் பக்கம் இருந்த சிமென்ட் பெஞ்சில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

போன் அடித்தது. வெற்றிசெல்வன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இ-சேவை மையத்தில் தங்கையின் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து காத்திருந்தான்.

"அப்பா, என்னாச்சு? பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா வெளிய தள்ளிவிடுது. மறுபடி ஓடிபி, மறுபடி பாஸ்வேர்டு. எனக்குப் பின்னாடி நிக்கிறவங்க எல்லாம் மொறைக்கிறாங்க."

"இருடா. அஞ்சு மணிக்குத் தெரியும்."

"கெடு தேதிய நீட்டச் சொல்லி அந்த உதவி நம்பருக்குப் போன் போட்டீங்களா?"

போட்டார். பாட்டு, பதிவு செய்த குரல், மறுபடி பாட்டு. இருபது நிமிடம் கழித்து உயிருள்ள ஒரு குரல். வெள்ளைச்சாமி முழுவதையும் சொன்னார்.

"தேர்வர்தான் பேசணும் சார்."

"அவளுக்குத்தான் காது கேக்காதுங்களே. அதுக்குத்தான போன் பண்றேன்."

"புரியுது சார். ஆனா தேர்வர் லைன்ல வந்து விவரம் சொன்னாத்தான் கோரிக்கை பதிவாகும்."

ஸ்பீக்கரில் போட்டு மகள் கையில் கொடுத்தார். அந்தக் குரல் கேட்டது, "உங்க பெயர்?" சொர்ணத்தின் விரல் உயர்ந்தது. பேர், என்று உதட்டை அசைத்தாள்.

"பிரகதீஸ்வரி!" என்றாள் மகள், போனுக்கே வலிக்கும் உரத்த குரலில்.

"பிறந்த தேதி?"

விரல். உதடு. "பொறந்த தேதியா?" என்று மகள் திருப்பிக் கேட்டுவிட்டாள்.

"பக்கத்துல யாரோ சொல்லிக் கொடுக்கிறாங்க. மூணாவது ஆள் உதவி கூடாது மேடம். மன்னிக்கணும்." இணைப்பு அறுந்தது.

அறுந்தது தெரியாமல் பிரகதீஸ்வரி பதிவு எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு எண்ணாக, நிதானமாக. சொல்லி முடித்துவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

சொர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்ப ஏன் அழுவுற?" என்று எரிந்து விழுந்தார் வெள்ளைச்சாமி. யார்மேல் விழுவது என்று அவருக்கும் தெரியவில்லை.

மகள் அவர் தோளைத் தொட்டாள். "விடுங்கப்பா. அடுத்த வருசம் எழுதுறேன்."

"எந்தப் பிரிவுல எழுதுவ? இந்தச் சீட்டு இருக்கிற வரைக்கும் ஒனக்குக் காது நல்லாக் கேக்குதுத்தா."

முகாம் நடந்த அந்த நாள் அவருக்கு நேற்றுப் போல இருந்தது. எழுபது எண்பது என்று எழுதிவிடுவார்களோ என்று பயந்துகொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்றார். முப்பத்திரண்டு என்று சொன்னதும் கடைக்கு ஓடி லட்டு வாங்கி வந்தார். பரீட்சையில் குறைந்த மார்க் வாங்கியதற்கு லட்டு கொடுத்த தகப்பன் இந்த ஜில்லாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். குறைவான நம்பர், குறைவான குறை. அவ்வளவுதான் அவர் கணக்கு.

ஐந்து மணி, ஐந்தே கால் ஆனது. அதன் பிறகுதான் டாக்டர் தன் அறைக்கு வந்தார். மூன்று பேரும் பின்னாலேயே நுழைந்தார்கள்.

"திருச்சியில பதினேழாம் தேதிதான் முடியுமாம்."

"சார்..."

"நான் ஒண்ணு சொல்றேன். அந்தப் பழைய டெஸ்ட் ஏன் தப்புன்னு ஒரு காரணம், எழுத்துல, யாராவது கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, அதைச் சேத்து வச்சு நான் கையெழுத்துப் போட்டுடறேன். காரணம் இல்லாம முடியாது. அரை மணி நேரம் இருக்கேன்."

அரை மணி நேரத்தில் யாரிடம் போய்க் காரணம் கேட்பது? வெள்ளைச்சாமி சுற்றிப் பார்த்தார். மெஷின் அறையைப் பூட்டிவிட்டுக் காலை இழுத்து இழுத்து உள்ளே வந்துகொண்டிருந்தாள் சந்தனமேரி.

அவர் போய் அவள் முன்னால் நின்றார். கை தானாகக் குவிந்தது.

"தாயி, நா ஒன்மேல மனு எழுதுனவன். கேக்குறதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல. ஆனாலும் கேக்குறேன். அன்னைக்கு மெஷின்ல கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் குடும்மா. ஒரே வரி."

"எழுதுனா எனக்கு வேலை போயிரும்யா."

"தெரியும்மா."

இதைச் சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். தெரியும் என்று எப்படிச் சொன்னேன்? இவளுக்கும் வீடு இருக்காதா, அடுப்பு இருக்காதா?

சந்தனமேரி பிரகதீஸ்வரியைப் பார்த்தாள்.

"நானும் இந்தப் பிரிவுலதான்யா உள்ள வந்தேன். எங்கிட்ட யாரும் காரணம் கேக்கல. கால நீட்டுனேன், பாத்தாங்க, எழுதிக்கிட்டாங்க. இந்தப் புள்ள எதய நீட்டும்?"

டாக்டரின் மேஜையில் இருந்து ஒரு வெள்ளைத் தாளை இழுத்தாள். பேனாவைத் திறந்தாள். 'மேற்படி முகாமில் நான் பயன்படுத்திய கருவி' என்று எழுதினாள். கை நிதானமாக இருந்தது.

வெள்ளைச்சாமியின் சட்டைப் பையில் போன் அலறியது. எடுத்தார். "அப்பா, மணி அஞ்சு முப்பத்தெட்டு! ஏதாவது சொல்லுங்கப்பா!"

"எழுதாதம்மா."

குரல் சொர்ணத்துடையது. காலையிலிருந்து அவள் பேசிய முதல் உரத்த வார்த்தை. முன்னால் வந்து, சந்தனமேரியின் பேனாவைக் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"சொர்ணம்! ஒனக்குப் பைத்தியமா?"

"ஒங்க மெஷினு நல்ல மெஷினும்மா. நீ எழுதாத."

பிடியை விட்டாள். இரண்டடி பின்வாங்கிச் சுவரோரம் நின்றாள். முந்தானை ஓரத்திலிருந்து வலது கை ஆள்காட்டி விரலை ஓர் அங்குலம் உயர்த்தினாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த பிரகதீஸ்வரியின் கட்டைவிரல், கையில் பொத்தான் எதுவும் இல்லாமலே, மடங்கி அமுங்கியது.

போனுக்குள் வெற்றிசெல்வன் மட்டும் "அப்பா, அப்பா" என்றுகொண்டிருந்தான்.

"அன்னைக்கு என்னைய ஓரமா நிக்கச் சொன்னீங்க," என்றாள் சொர்ணம், சந்தனமேரியைப் பார்த்து. "ஒங்க முதுகுக்குப் பின்னாடி ஜன்னலு. அந்தக் கண்ணாடியில வெளக்கு எரியிறது எனக்குத் தெரிஞ்சுது, அவளுக்கு எங்கை தெரிஞ்சுது. எரியிறப்ப எல்லாம் வெரலத் தூக்கல. பாதிக்குப் பாதி தூக்குனேன். எங்கண்ணன் தங்கமுத்து அப்பத்தான் அவன் மகனுக்குக் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. காது கொஞ்சம் மந்தம்னா கட்டிக்கிறோம், சர்க்காரு அட்டை குடுக்கிற அளவுக்குன்னா வேணாம்னுச்சு. நாப்பதத் தாண்டுனா அட்டைன்னு வாசல்ல ஒருத்தர் சொன்னாரு. தாண்ட விடாமப் பாத்துக்கிட்டேன்."

தங்கமுத்துவின் மகன் துபாய்க்குப் போய், வேறு பெண்ணைக் கட்டி, இரண்டு பிள்ளை ஆகிவிட்டது.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். அவர் கேட்ட காரணம் வந்துவிட்டது. அதை எழுதினால் தில்லுமுல்லு, எழுதாவிட்டால் முப்பத்திரண்டு. பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றவில்லை.

வெள்ளைச்சாமி மனைவியைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. மகள் பக்கம் திரும்பினார். அவள் படிப்பதற்காக உதட்டை மெதுவாக அசைத்தார்.

"நீயாவது சொல்லிருக்கலாமேத்தா. ஆறு வருசமா... எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே."

"சொல்லத்தான்ப்பா வெளிய ஓடியாந்தேன்," என்றாள் பிரகதீஸ்வரி, அந்த ஏற்ற இறக்கம் இல்லாத குரலில். "நீங்க வாசல்ல லட்டுப் பெட்டியோட நின்னீங்க. 'எம்புள்ளைக்கு முப்பத்திரண்டுதான், முப்பத்திரண்டுதான்'னு வாரவங்க போறவங்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிக் குடுத்தீங்க. நா ஒங்க வாயவே பாத்துக்கிட்டு நின்னேன்."